பெட்டிகளில் வீடு வந்த கார்

எங்கள் காரை ஒரு மாட்டுவண்டி இழுத்துக்கொண்டு வந்தது. காலி வீதியிலிருந்து வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த ஒழுங்கைக்குள் அது திரும்பியபோது இரண்டு பக்கத்து மதில்களுக்கு மேலாலும் தலைகள் எழும்பின. முன்னால் மாடுகள், பின்னால் கயிற்றில் கட்டிய கார், அதன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, தெரிந்தவர்கள் யாரும் கண்டுவிடுவார்களோ என்று குனிந்திருந்த கராஜ் ஆள். வண்டிக்குள் இரண்டு தேயிலைப் பெட்டிகள். இஞ்சினில் பாதி அந்தப் பெட்டிகளுக்குள் கிடந்தது.

நான் வாசலில் நின்று, "பெட்டிகளை மெல்ல இறக்குங்கோ" என்றேன். பக்கத்து வீட்டு மனுசி மதிலுக்கு அப்பாலிருந்து, "என்ன, கார் செத்துப் போச்சோ?" என்று கேட்டார்.

"இல்லை. கொஞ்சம் சுகமில்லை" என்றேன்.

அப்போது யுத்தம் முடிந்திருந்தது. வெள்ளைக்காரர் போகப்போகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் இன்னும் போகவில்லை. என் கணவர் கொச்சிக்கடைப் பக்கம், துறைமுகப் பண்டசாலை ஒன்றில் கிளார்க்காக இருந்தார். கப்பலிலிருந்து இறங்கும் சாமான்களைச் சரிபார்ப்பது அவருடைய வேலை. ஒரு நாள் கயிறு நழுவி, தூக்கிக்கொண்டிருந்த சுமை சரிந்து, அவருடைய இடது முழங்காலில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து எழும்பியபோது கால் இருந்தது, முழங்கால் மட்டும் மடங்கவில்லை. ஒரு பலகையைக் கட்டிவிட்டதுபோல நேராக நீண்டு நின்றது.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு றெயில், அங்கிருந்து கொச்சிக்கடைக்கு நடை. அதுதான் அவருடைய வழக்கமான பாதை. ஒருமுறை முயன்றும் பார்த்தார். றெயிலின் படி உயரம்; நல்ல காலை வைத்து ஏறி, மற்றக் காலைத் தூக்குவதற்குள் பின்னால் நின்ற கூட்டம் நெருக்கியது. மேடையில் மல்லாந்து விழுந்தவரை யாரோ இரண்டு பேர் ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். பண்டசாலையின் வெள்ளைக்காரச் சூப்பிரின்டென்ட் நல்ல வார்த்தையில்தான் சொல்லியனுப்பினார்: மாரி மழை தொடங்குவதற்குள் வேலைக்கு வர முடிந்தால் வரலாம், முடியாவிட்டால் ஓய்வு எடுத்துக்கொள்ளலாம். ஓய்வு என்ற சொல்லை என் கணவர் வாய்க்குள் வைத்து ஒருமுறை மென்று பார்த்தார்.

எங்களிடம் ஒரு கார் இருந்தது. எங்கள் கல்யாணத்தைவிட மூத்த கார். கென்வஸ் கூரை போட்ட சின்ன இங்கிலிஷ் கார். யுத்தகாலத்தில் பெற்றோல் கட்டுப்பாடு வந்து ஆட்கள் கார்களைக் கைவிட்டபோது, இங்கிலாந்துக்குப் புறப்பட்ட ஒரு தோட்டத்துரையிடம் இவர் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் துடைப்பார், பெற்றோல் கிடைத்தால் காலிமுகத்திடல் வரை போய்வருவோம். கால் அடிபட்டு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த காலம் முழுவதும் அது வீட்டு முற்றத்தில் கடல்காற்றைக் குடித்துக்கொண்டு நின்றது. பிறகு தெரிந்த ஒருவரைக் கொண்டு கிளப்பினால் நீலப் புகை. ஏற்றத்தைக் கண்டால் மூச்சு வாங்கியது.

இடது கால் மடங்காதவர் கிளச்சை மிதிக்க முடியாது. ஆகவே நான் ஓட்டப் பழகி அவரைக் கொண்டுபோய் விடுவதென்று தீர்மானித்தேன். அதற்கு முதலில் கார் ஓட வேண்டும். நகரத்துக்குள் இருந்த பெரிய கராஜ் ஒன்றில் கொண்டுபோய் விட்டோம். கழற்றினார்கள். கழற்றிய பிறகு அங்கிருந்த வெள்ளைக்கார மனேஜர் என்னைக் கூப்பிட்டு, மேசைக்கு அப்பால் இருந்தபடியே சொன்னார்:

"மேடம், இது கார் இல்லை. பழைய இரும்பு. இதற்குச் சாமான் இங்கிலாந்திலேயே இப்போது செய்வதில்லை. நீங்கள் சம்மதித்தால் நாங்களே இரும்புக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம்."

"கழற்றினதை எல்லாம் ஒன்றும் விடாமல் பெட்டியில் போட்டு அனுப்புங்கள்" என்றேன்.

"யார் பூட்டுவார்கள்?"

"நான்."

அவர் சிரித்தார். எனக்குப் பின்னால் நின்ற அவருடைய ஆட்களும் சிரித்தார்கள். உண்மையில் அந்தச் சொல் வாயைவிட்டு வந்த பிறகுதான் அது என் காதிலும் விழுந்தது. ஆனால் சொல்லிவிட்டேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அதை விழுங்குகிற எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

எனக்கு இயந்திரம் புதிதல்ல. வீட்டு முன்னறையில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் பழக்கினேன். அங்கே இருந்த பழைய தையல் மெஷின்களை நானேதான் கழற்றி, எண்ணெய் விட்டு, பூட்டி ஓடவைப்பேன். கார் அதைவிடப் பெரிது, அழுக்கு, பாரம். அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த நினைப்பு முழுக்கச் சரியில்லை என்பது பிறகு தெரிந்தது.

மாட்டுவண்டி வந்த கிழமையே கொட்டாஞ்சேனையிலிருந்து என் அண்ணை வந்தார். அரசாங்கக் கந்தோரில் பெரிய கிளார்க். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் காற்சட்டை. முற்றத்தில் பழைய சேலையை இழுத்துக் கட்டிக்கொண்டு, மண்ணெண்ணெய்த் தட்டத்துக்குள் கைவிட்டு வால்வுகளைக் கழுவிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"உனக்கென்ன விசரே பிள்ளை?"

"இருங்கோ அண்ணை. தேத்தண்ணி போடுறன்."

"தேத்தண்ணி கிடக்கட்டும். சனம் சிரிக்குது. மனுசனுக்குக் கால் ஏலாது. இரண்டு பேரும் பேசாமல் யாழ்ப்பாணத்துக்குப் போங்கோ. வீடு கிடக்கு, காணி கிடக்கு. ஆர் உங்களைக் கொழும்பிலை இருக்கச் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. நாங்கள்தான் இருக்கிறம்."

"இதைப் பூட்ட உன்னாலை ஏலுமோ?"

"ஏலாட்டி நான்தானே சிரிப்புக்கு ஆளாகப்போறன். நீங்கள் ஏன் பயப்பிடுறியள்?"

அண்ணை என் கணவரைப் பார்த்தார். அவர் கதிரையில், நீட்டிய காலுக்குக் கீழே ஒரு முக்காலி வைத்து, ஒவ்வொரு போல்ட்டாகத் துணியால் துடைத்துத் தன் மடியில் அடுக்கிக்கொண்டிருந்தார். "என்னைப் பார்க்காதேயுங்கோ மச்சான்," என்றார். "நான் இஞ்சை வேலைக்காரன்."

வால்வுகளை அதனதன் வாயில் வைத்து, அரைக்கிற பசை பூசி, உள்ளங்கைகளுக்கிடையே தண்டை உருட்டி உருட்டி அரைத்தேன். கருகிப் பள்ளம் விழுந்திருந்த விளிம்பில் சாம்பல் நிற வளையம் ஒன்று சீராகத் தெரியும்வரை அதை நிறுத்தக்கூடாது. தோள்மூட்டு கழன்றுவிடும்போல இருந்தது. தண்ணீரும் எண்ணெயும் ஒழுகாமலிருக்க இடையில் வைக்கும் கடதாசி அட்டைகளைத் தையல் கத்தரிக்கோலாலேயே வெட்டினேன். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் றிங்குகளை மட்டும் வீட்டில் செய்ய முடியாது. றிங்குகளில் ஒன்று மூன்று துண்டாக உடைந்திருந்தது. புகைக்குக் காரணம் அதுதான். அந்த ஒரு றிங்குக்காகத்தான் முழுக் காரையும் இரும்பென்று சொன்னார்கள்.

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்கள் கொழும்பெங்கும் விலைப்பட்ட நேரம் அது. கொட்டாஞ்சேனையில் பழைய இரும்புச் சாமான் விற்கும் முஸ்லிம் முதலாளி ஒருவரிடம் போகச் சொல்லி யாரோ சொன்னார்கள். உடைந்த றிங்கைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு கோட்டைவரை றெயிலிலும் பிறகு டிராமிலும் போனேன். கடை வாசல் முழுவதும் லொறிச் சில்லுகள், கிரீஸ் வாடை, ஆண்கள். முதலாளி என்னைப் பார்த்து எழும்பி, மரியாதையாகச் சொன்னார்:

"நோனா, ஐயாவ அனுப்புங்க. அவருக்கிட்ட கதைக்கிறேன்."

"ஐயாவுக்குக் கால் ஏலாது. என்னோடை கதையுங்கோ."

"இது பொம்புளையள் வாற இடமில்ல நோனா."

"தெரியுது. வந்திட்டன். இந்த றிங் இருக்கோ இல்லையோ சொல்லுங்கோ. இல்லையெண்டால் அடுத்த கடைக்குப் போறன்."

அவர் றிங்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. நான் நின்றேன். ஒருவன் கதிரை கொண்டுவந்தான், நான் உட்காரவில்லை. கடைசியில் முதலாளி தூசி படிந்த ஒரு பொட்டலத்தோடு வந்தார். "இது ஒரு மயிரளவு பெருசா ஈக்கி. அரம் போட்டுச் சரிபண்ணணும். ஏலுமா?"

"ஏலும்."

"அப்ப சரி," என்றார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் ஐயாவை யாரும் கேட்கவில்லை.

நான் அங்கே போன செய்தி, நான் வீடு திரும்புவதற்கு முதலே அண்ணையின் வீட்டுக்குப் போய்விட்டது. வழக்கமாக ஞாயிறுகளில் வருகிறவர் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

இஞ்சின் ஒன்றாகச் சேர்ந்தது. கடைசியாகத் தீப்பொறி கொடுக்கும் மக்னீட்டோவைப் பூட்டினேன். ஒரு காலை, கணவர் கதிரையை முற்றத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்திருக்க, முன்னால் ஹாண்டிலை மாட்டிச் சுற்றினேன். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் இஞ்சின் ஒரு உதை உதைத்தது. ஹாண்டில் எதிர்ப்பக்கமாகத் திரும்பி வந்து என் வலது மணிக்கட்டில் அடித்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு வீடு வந்தபோது ஒழுங்கை முழுவதும் கதை பரவியிருந்தது. அண்ணையும் வந்தார். "இப்ப திருப்தியோ?" என்று கேட்டார். இந்த முறை குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்கு நானே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து இந்தச் சனியனை ஏத்தி அனுப்புறன்" என்றார்.

"என்ரை முற்றத்திலை ஆரும் கை வைக்கப்படாது அண்ணை."

"கை முறிஞ்சு கிடக்குதடி!"

"முறிஞ்சது என்ரை கை. உங்கடை கை இல்லை."

அவர் போன பிறகு நான் அழுதேன். நோவுக்கும்தான், அவமானத்துக்கும்தான். என் கணவர் பக்கத்தில் வந்திருந்து, "உமக்குப் போதுமெண்டால் விடும். எனக்காக வேண்டாம்" என்றார்.

"எனக்குப் போதாது" என்றேன்.

தையல் வகுப்பை நிறுத்தவில்லை. கட்டுப்போட்ட கையோடு பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒருத்தியின் மெஷின் நூலைப் பிடிக்காமல் தையலைத் தவறவிட்டுக்கொண்டேயிருந்தது. ஊசி இறங்கி ஏறும் கணத்தில் கீழே இருக்கும் கொக்கி வந்து நூலைப் பிடிக்க வேண்டும். கொக்கி முந்தினாலும் தையல் விழாது, பிந்தினாலும் விழாது. அதை இடது கையால் சரிசெய்துகொண்டிருந்தபோது முற்றத்துக் காரின் நினைவு வந்தது. தீப்பொறி முந்திவிட்டது. பிஸ்டன் மேலே வந்து சேருவதற்கு முன்பே மக்னீட்டோ தீ மூட்டிவிட்டது. அதனால்தான் இஞ்சின் பின்பக்கமாக உதைத்தது. மக்னீட்டோவைப் பூட்டும்போது பற்சில்லில் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறேன்.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு நேரே முற்றத்துக்குப் போனேன். ஒரு கையால் ஸ்பானர் பிடிக்க, மறுபக்கத்தை அவர் பிடித்தார். நீட்டிய காலோடு மண்ணில் இருந்து, தலையை இஞ்சினுக்குள் விட்டு, "இந்தப் பல்லோ? இதுக்கு அங்காலையோ?" என்று கேட்டுக் கேட்டு மாட்டினார். நான் இடது கையால் ஹாண்டிலைப் பிடித்தேன். இந்த முறை பெருவிரலை மற்ற விரல்களோடேயே வைத்தேன். உதைத்தால் ஹாண்டில் கையைவிட்டு நழுவிப் போகட்டும் என்று.

ஒரு சுற்று. இஞ்சின் இருமியது. இன்னொரு சுற்று. பிடித்துக்கொண்டது.

புகை இல்லை. மதிலுக்கு மேலாகத் தலைகள் வந்தன. என் கணவர் மண்ணிலிருந்து எழும்ப முடியாமல் அப்படியே இருந்து சிரித்தார். நானும் அவரைத் தூக்க மறந்து நின்றேன்.

கை சுகமான பிறகு பாமன்கடை ஒழுங்கைகளில் ஓட்டப் பழகினேன். பக்கத்தில் இருந்து அவர் சொல்லிக்கொடுத்தார், நான் கத்தினேன், அவர் திரும்பக் கத்தவில்லை. கென்வஸ் கூரை உக்கிப் போயிருந்தது. பட்டாளத்துக் கூடாரத் துணியை வாங்கி இரட்டைத் தையல் போட்டுப் புதிதாகத் தைத்தேன். பிரேக்குக்கு லொறி பிரேக்கின் பட்டையை அறுத்து, சீவி, ஆணியடித்தேன். லைசென்ஸ் எடுக்கப் போனபோது சோதனை செய்தவர் என்னைக் காலிமுகத்திடலுக்கும் கொம்பனித்தெருவுக்கும் அலைய வைத்து, ஒரு குறையும் கிடைக்காமல், "சேலை மிதிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மாரி தொடங்குவதற்குள் ஒரு திங்கட்கிழமை நாங்கள் வேலைக்குப் புறப்பட்டோம். காலி வீதி, கோட்டை, பிறகு துறைமுகத்து மதில் ஓரமாகக் கொச்சிக்கடை. பண்டசாலை வாசலில் காவல்காரர் கையை நீட்டி மறித்தார்.

"நோனா, மெத்தன நவத்தன்ன பே!"

இங்கே நிறுத்த முடியாதென்றால் உள்ளே விடு என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். உள்ளே துரைமாருடைய கார்கள் மட்டும்தான் போகலாம் என்றார். வாசலிலிருந்து பண்டசாலைப் படி தூரம். தரையெல்லாம் தண்டவாளமும் கல்லும். இந்தக் காலோடு அவர் முதல் நாளே அங்கே தடுக்கி விழுந்தால், அதைப் பார்க்கவென்றே காத்திருப்பவர்கள் இருந்தார்கள். நான் பிரேக்கை இழுத்துவிட்டு வாசலின் நடுவிலேயே இருந்தேன். பின்னால் ஒரு லொறி வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஹோர்ன் சத்தம் வீதி முழுவதும் கேட்டது.

சத்தம் கேட்டுச் சூப்பிரின்டென்ட் வெளியே வந்தார். கணவரைக் கண்டதும் தலையசைத்தார். பிறகு என்னிடம், "முதலில் இஞ்சினை நிறுத்துங்கள், மேடம்" என்றார்.

"நிறுத்த மாட்டேன். நிறுத்தினால் ஹாண்டில் போட வேண்டும். என் கை ஒருமுறை முறிந்துவிட்டது. நீங்கள் போடுவீர்களா?"

அவர் காரைச் சுற்றிப் பார்த்தார். கூடாரத் துணிக் கூரையைப் பார்த்தார். "இதை யார் ஓடவைத்தது?"

"நான்தான்."

"கிளார்க்மாருடைய வாகனம் உள்ளே வருவது வழக்கமில்லை."

"உங்கள் பண்டசாலைக்குள் என் கணவருடைய காலை உடைப்பதும் வழக்கமில்லை. அது நடந்ததுதானே."

என் கணவர் என் சேலைத் தலைப்பை மெல்ல இழுத்தார். நான் நிறுத்தவில்லை. "மாரிக்குள் வரச் சொன்னீர்கள். வந்துவிட்டார். படியடியில் இறக்கிவிட்டு நான் போய்விடுவேன்."

பின்னால் லொறிக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். ஒருவர் என் பக்கம் பேசினார், இன்னொருவர் என்னைத் திட்டினார். சூப்பிரின்டென்டின் முகம் சிவந்தது. என்ன நினைத்தாரோ, காவல்காரரைப் பார்த்துக் கையை அசைத்தார். வாசலின் தடைமரம் உயர்ந்தது.

படியடியில் இறங்கிய கணவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, "இண்டைக்கே என்ரை வேலை போயிருக்கும்" என்றார்.

"போகேல்லைத்தானே."

"பின்னேரம் கெதியா வாரும்."

மாரி முழுவதும் போனோம், வந்தோம். அடுத்த வருடத் தொடக்கத்தில் கொடி மாறியது. சூப்பிரின்டென்ட் சில மாதங்களில் கப்பலேறினார். வாசல் தடை எங்களுக்குத் திறந்தபடியே இருந்தது.

ஆனால் ஒரு ஆண், மனைவி ஓட்ட, பக்கத்தில் இருந்து வேலைக்குப் போவதை எல்லோரும் சும்மா விடவில்லை. அவர் எனக்குச் சொல்லமாட்டார். பின்னேரங்களில் காரில் ஏறும்போது முகத்தில் தெரியும். ஆகவே அவர் கையால் இழுக்கக்கூடிய கிளச் ஒன்று செய்தேன். முதலில் சைக்கிள் பிரேக் கம்பியை வைத்துச் செய்தேன். பம்பலப்பிட்டியில் ஒரு பஸ்ஸுக்கு முன்னால் அது அறுந்தது. பிறகு இரும்புத் தண்டு ஒன்றைக் கிளச் மிதியோடு கொழுவி, இருக்கையின் இடது பக்கத்தில் நெம்புகோலாக நிறுத்தினேன். இழுத்தால் அது ஒரு பல்லில் கொழுவி அப்படியே நிற்கும். அதே கையால் கியரை மாற்றலாம். பிறகு மெல்லத் தளர்த்தலாம். வலது கை ஸ்டியரிங்கைவிட்டு அசையத் தேவையில்லை. முதல்நாள் அவர் தளர்த்திய வேகத்தில் கார் தவளைபோலப் பாய்ந்து எங்கள் மதிலில் ஒரு மூலையை உடைத்தது. ஒரு கிழமைக்குள், காலையில் நானும் பின்னேரம் காவல்காரரும் ஹாண்டிலைச் சுற்றிக்கொடுக்க, தனியே கொச்சிக்கடைக்குப் போய்வந்தார்.

அந்த ஞாயிறு அண்ணை வந்திருந்தார். காரின் நெம்புகோலை இழுத்துப் பார்த்தார், விட்டுப் பார்த்தார். "நல்லதுதான்" என்றார். பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டு, "இனி அவர் ஓட்டுவார். நீ பேசாமல் வீட்டிலை இருக்கலாம் பிள்ளை" என்றார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமையிலை கார் எனக்கு வேணும் அண்ணை," என்றேன்.

"ஏன், எங்கை போகப்போறாய்?"

"அதை இன்னும் யோசிக்கேல்லை. போகேக்கை பாப்பம்."